படகு வண்டியில் படகு அமர்வதற்கு என்ன சொல்?

அவையோர்க்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் மாலை வகுப்பில் தமிழ் பயிலும் பெரியவர்களில் சிலர் வார இறுதியில் சொந்தப் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தெற்குக் கரைக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள். ஜூன், ஜூலையில் சார்டின் (மத்தி) மீன் கூட்டம் வருமுன் அவர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட வேண்டும். டிரெய்லரின் தாங்குபலகைகளையும் உருளைகளையும் முன்கம்பத்தையும் நகர்த்திப் படகை அசையாமல் அமரச் செய்யும் வேலை முழுவதற்கும் ஒரு சொல் தேவை. ‘படகுக்கட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

— சாட்ஸ்வர்த் ஆசிரியை

ஆசிரியை அம்மாவுக்கு,

‘கட்டு’ வேண்டாம். கட்டுவது கடைசி வேலை. அதையே பெயராக வைத்தால் படிப்பவர் பட்டையை இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். எஞ்சின்கள் தொங்கும் அமரப் பகுதி, அதாவது படகின் பின்முனை, தாங்குபலகையின் முனையைத் தாண்டி வெளியே நின்றால், எத்தனை பட்டை போட்டாலும் நாளடைவில் படகின் அடிப்பாகம் வளைந்துவிடும். பலகைகள் படகின் உட்புற நெடுஞ்சட்டங்களுக்கு நேர்கீழே வர வேண்டும். அமரம் பலகை முனையோடு பொருந்த வேண்டும். அதன்பின் அணியம் (படகின் முன்முனை) ரப்பர்த் தடுப்பில் முட்டி நிற்கும் இடத்துக்கு முன்கம்பத்தைக் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் ஆன பிறகே பட்டை. முன்கம்பத்தில் உள்ள வின்ச் (சுற்றி இழுக்கும் கருவி) படகை ஏற்றுவதற்கே உரியது. சாலையில் பிடித்து வைக்க அணியத்தில் தனிச் சங்கிலியும் அமரத்தில் இருபுறமும் பட்டையும் வேண்டும்.

ஆகவே ‘படிமானம்’ என்பேன். தலைமயிர் படிகிறது, வண்டல் படிகிறது, வேலை கைக்குப் படிகிறது. எல்லாவற்றிலும் ஒன்று மற்றொன்றுக்கு இணங்கி அமர்கிறது. படகு என்ற பெயரும் இந்தப் ‘படு, படி’ வேரிலிருந்தே கிளைத்தது என்பது என் நெடுநாள் எண்ணம்; தண்ணீர்மேல் படிந்து செல்வதுதானே படகு? ‘கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்று வள்ளுவர் முடித்துவிட்டதால், நிலத்தில் ஓடும் நாவாய்க்கு அவரிடம் சொல் கேட்க வழியில்லை.

— மியர்பேங்க் அன்பர்

ஐயா,

வேர் ஆராய்ச்சி சுவையாக இருந்தது, ஆனால் அது துண்டறிக்கையில் ஏறாது. ‘மானம்’ என்ற ஈறு எனக்கு உறுத்துகிறது. ‘படியமைவு’ என்றால் தூய்மையாகவும் இருக்கும், அமைக்கும் வேலையும் அதில் தெரியும். தனிமடலில் ஒருவர் ‘ஏராநிலை’ என்று எழுதியிருந்தார். ஏரா (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கட்டை) நல்ல பழஞ்சொல்தான், ஆயினும் நம் கரையில் அலைக்குள் இறக்கும் ‘ஸ்கீ படகு’ எனப்படும் மீன்பிடிப் படகுகளில் பல இரட்டை உடல் கொண்டவை; அவற்றுக்கு நடுவில் ஏராவே இல்லை.

என் பெரிய குறை வேறு. நீங்கள் இருவரும் இரண்டு வேலைகளை ஒரே சொல்லில் அடைக்கிறீர்கள். படகு அழகாகப் படிந்திருந்தும், காரோடு பிணையும் முனையில் எடை குறைந்தால் டிரெய்லர் சாலையில் வாலாட்டும்; மிகுந்தால் காரின் பின்புறம் அமிழ்ந்து ஸ்டியரிங் பிடிப்பு இழக்கும். மொத்த எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு அம்முனையில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அமரம் சரியாக அமர்ந்துவிட்ட பிறகு இந்த எடை குறைவாக இருந்தால் படகைத் தொடக் கூடாது, அச்சைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இதற்குப் புதுச்சொல் எதற்கு? மாட்டு வண்டிக்காரர் சொன்ன ‘முன்பாரம்’ இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு இது தெரியாத சொல்லாக இருந்திராது. புறநானூற்றில் வரும் உமணர் என்ற உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் சேமவச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டிச் சென்றார்கள். அதைப் பின்பற்றி அறிக்கையில் உதிரிச் சக்கரத்துக்குச் ‘சேமச்சக்கரம்’ என்று போடலாம்.

— பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

ஈறு உறுத்துகிறது என்றால் வருமானத்தையும் கட்டுமானத்தையும் என்ன செய்வதாக உத்தேசம்? மாணவர்கள் ‘டிரெய்லர் செட்டிங்’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் தூய்மை பேசுவோர் நினைவில் கொள்க.

— மியர்பேங்க்

இருவருக்கும் நன்றி. மறுமொழி எழுதிய மற்றவர்களில் பெரும்பாலோர் ‘படிமானம்’ பக்கம் நிற்கிறார்கள். சிலர் இதற்குமேல் விவாதிக்க விரும்பாமல் ஒப்புக்கொண்டார்கள் என்றே படுகிறது. தலைப்பில் ‘படகுப் படிமானம்’, முதல் வரியில் ‘அதாவது டிரெய்லர் செட்டிங்’, அடுத்த பத்திக்கு ‘முன்பாரம்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘சேமச்சக்கர’த்துக்கு இடமில்லை.

— சாட்ஸ்வர்த் ஆசிரியை

அச்சானபின் பேசிப் பயனில்லை என்று அறிவேன். ‘படியமைவு’ என்ற என் வாக்கை நான் திரும்பப் பெறவில்லை என்பது மட்டும் பதிவில் இருக்கட்டும்.

— பீட்டர்மாரிட்ஸ்பர்க்