தாத்தாவின் பழைய .32 ரிவால்வர் போதுமா, கான்பூர் புதுசு வாங்குவதா?

கோத்தகிரிக்காரன்:
தாத்தாவின் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் லைசென்ஸோடு என் பெயருக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தையது. வாராவாரம் கோவைக்கு இறங்கி ரேஞ்சில் சுட ஆசை. இதிலேயே சுடலாமா, கான்பூரில் செய்யும் புது .32 வாங்குவதா? பழசு கையிலேயே வெடிக்கும் என்று மாமா பயமுறுத்துகிறார். எஸ்டேட்டுக்கு ஒரு டபுள் பேரல் (இரட்டைக்குழல்) துப்பாக்கியும் இருக்கிறது.

குன்னூர் டார்கெட்:
தோட்டா போடும் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிற மாடல்தானே? அப்படியானால் மாமாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். .32 லாங் தோட்டா 1896லேயே வந்தது, அழுத்தம் குறைவு, நல்ல நிலையில் உள்ள துப்பாக்கிக்கு அது ஒரு சுமையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் புதுசு என்று சொல்லும் கான்பூரின் வழக்கமான ரிவால்வர்தான் அமைப்பில் பழைய காலத்தது. அது வெப்லி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வர் வழி வந்தது, குழலைக் கீழே மடித்துத் திறப்பது. நிறைய சுடச் சுட அந்தக் கொக்கியும் கீலும் தேய்ந்து ஆட்டம் காணும். உங்களுடையதில் பிரேம், அதாவது துப்பாக்கியின் உடல், ஒரே துண்டு. 2014ல் வந்த நிர்பீக் என்ற குட்டிக் கான்பூர் ரிவால்வரும் அதே குடும்பம்தான், எடை 500 கிராம், பையில் வைக்கச் சரி, ஆனால் குட்டைக் குழலும் லேசான எடையும் கையின் சின்ன நடுக்கத்தைக்கூட இலக்கு அட்டையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊட்டி ஈரக்காற்று:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் உதிரிபாகத்தை மறந்துவிட்டார். 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஸ்பிரிங் உடைந்தால்கூட யாராவது கையால் ராவித்தான் செய்து தர வேண்டும். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பின்பக்கச் சுத்தியலான ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள், சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் ஈயம் சீவிப் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். அப்புறம், தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், நம்ம ஊர் ஜூலை மழையில் அது ஈரம் குடித்து இரும்பைத் தின்றுவிடும்.

கோத்தகிரிக்காரன்:
பக்கவாட்டு மாடல்தான். ஒரு அறை மட்டும் பூட்டவில்லை.

குன்னூர் டார்கெட்:
அப்போ துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் பார்க்கும்வரை ஒரு தோட்டாகூட வேண்டாம் தம்பி. புதுசும் லேசில் வாங்க முடியாது, 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். டபுள் பேரலை விட மனமிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பழசைச் சரிசெய்யும் செலவே மேல்.