ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் சாகும் ஸ்போர், ஓவனில் அதே 121 டிகிரியில் ஏன் சாகவில்லை?

கேள்வி (அகார்தட்டு):

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் 168 ரகத்து ஸ்போர்களை (மோசமான சூழலைத் தாங்க அது உருவாக்கும் உறங்குநிலை வடிவங்களை) வைத்து ஓர் ஒப்பீட்டுச் சோதனை. அலுமினியத் தாள் துண்டு ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு கோடி ஸ்போர் உலர்ந்த நிலையில் இருக்கிறது. ஆட்டோகிளேவில் (அழுத்தத்தில் நீராவியால் சூடாக்கும் கலம்) 121 டிகிரி, 15 நிமிடம் வைத்தால் ஒரு காலனிகூட வரவில்லை. அதே போன்ற துண்டை உலர்ந்த சூடான காற்றால் சூடாக்கும் ஹாட் ஏர் ஓவனில் அதே 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் லட்சக்கணக்கில் பிழைத்து வருகின்றன. ஓவனின் வெப்பமானியைச் சரிபார்த்தாயிற்று, பிசகு இல்லை.

இன்னும் இரண்டு குழப்பங்கள். தண்ணீரில் கலந்த ஸ்போரை 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்துவிட்டு எண்ணினால், சூடாக்காததைவிட எண்ணிக்கை கூடுகிறது. கொதிநீரில் வைத்தால் முதலில் மளமளவென்று குறைந்து, கடைசியில் ஒரு சிறு கூட்டம் மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் குறையாமல் நிற்கிறது.

வறண்ட மண்ணிலும் விண்வெளியிலும்கூட ஸ்போர் தாக்குப்பிடிக்கிறது என்கிறார்களே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதானா?

பதில் 1 (கார்டெக்ஸ்):

இரண்டு இடத்திலும் வெப்பநிலை ஒன்றுதான். தண்ணீர்தான் வேறு. ஸ்போரைப் பொறுத்தவரை "எத்தனை டிகிரி" என்ற கேள்வியோடு "எவ்வளவு ஈரம்" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வளர்ந்துகொண்டிருக்கும் செல்லின் எடையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். ஸ்போரின் மையப்பகுதியில் அது 25 முதல் 50 சதவீதம்தான். தண்ணீர் வெளியேறிய இடத்தைக் கால்சியத்தோடு சேர்ந்த டைபிகோலினிக் அமிலம் பிடித்துக்கொள்கிறது. ஸ்போரின் உலர் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் அதுதான். மையத்தைச் சுற்றி எதையும் லேசில் உள்ளே விடாத உட்சவ்வு. அதற்கு வெளியே பெப்டிடோகிளைக்கானால் (பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள பொருள்) ஆன கார்டெக்ஸ். மையம் மறுபடி தண்ணீரை இழுத்துப் புடைத்துவிடாமல் வைத்திருப்பது இந்தக் கார்டெக்ஸ். அதற்கும் வெளியே 70க்கு மேற்பட்ட புரதங்களால் ஆன உறை. வெப்பத்தையும் இந்த உறைதான் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது லைசோசைம் (செல்சுவரை அரிக்கும் நொதி), குளோரின் போன்றவற்றுக்குத்தான் தடை. வெப்பத்தைத் தாங்குவதில் அதன் பங்கு சொற்பம்.

இனி சாவுக்கு வருவோம். நீராவியில் ஸ்போர் சாவது மையத்தில் உள்ள முக்கியப் புரதங்கள் குலைவதால். டி.என்.ஏ பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். உலர் வெப்பத்தில் கதை வேறு. தண்ணீர் இல்லாததால் புரதங்கள் அவ்வளவு எளிதில் குலைவதில்லை; மெல்ல மெல்ல டி.என்.ஏதான் சேதமாகிறது. அதனால்தான் ஓவனில் பிழைத்தவற்றை வளர்த்துப் பார்த்தால் மரபணு மாற்றங்கள் கூடுதலாகத் தெரியும், நீராவியில் பிழைத்தவற்றில் அப்படித் தெரியாது. டி.என்.ஏவைப் போர்த்திக்கொண்டிருக்கும் சிறிய, அமிலத்தில் கரையும் புரதங்களை நீக்கிய ரகங்கள் உலர் வெப்பத்தில் சீக்கிரமே சாகின்றன.

உங்கள் எண்களும் இதோடு பொருந்துகின்றன. எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரத்தை டி மதிப்பு என்கிறோம். நீராவியில், 121 டிகிரியில், சப்டிலிஸுக்கு அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 15 நிமிடத்தில் ஒரு கோடியில் எதுவும் மிஞ்ச வழியில்லை. உலர் வெப்பத்தில், திறந்த பரப்பில் இருக்கும் ஸ்போருக்கு 125 டிகிரியில் அரை மணி நேரம் என்று வைத்துத்தான் விண்கலச் சுத்திகரிப்பில் கணக்குப் போடுகிறார்கள். உலர் வெப்பத்தில் டி மதிப்பு பத்து மடங்கு மாற ஏறக்குறைய 20 டிகிரி வித்தியாசம் வேண்டும் (நீராவியில் 10 டிகிரியே போதும்). அப்படியானால் 121 டிகிரியில் முக்கால் மணி நேரம் வரும். ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணிக்கை இருபதில் ஒன்றாகும், அதாவது கோடியில் 5 லட்சம் மிஞ்சும். கிருமிநீக்கத்துக்கு ஓவனில் 160 டிகிரி 2 மணி நேரம் அல்லது 170 டிகிரி ஒரு மணி நேரம் என்று வைத்திருப்பது இதனால்தான்.

ஆட்டோகிளேவுக்குள்ளேயே உலர் வெப்பச் சோதனையைத் தெரியாமல் செய்துவிடும் வாய்ப்பும் உண்டு. உலர்ந்த துண்டை இறுக மூடிய குழாயில் போட்டு உள்ளே வைத்தால் நீராவி அதைத் தொடாது. குழாய் 121 டிகிரியைத் தொட்டிருக்கும், சூட்டைக் காட்ட ஒட்டும் நாடா நிறம் மாறியிருக்கும், ஸ்போர் மட்டும் உயிரோடு இருக்கும். மூடியைத் தளர்த்துங்கள், அல்லது உள்ளே ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் விடுங்கள். காற்றை முழுதாக வெளியேற்றாமல் வால்வை மூடினாலும் இதே கதிதான்.

பதில் 2 (மாங்கனீஸ்):

80 டிகிரி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை கூடுவது பிழை அல்ல, வெப்பத் தூண்டல். ஒரு தொகுதியில் எல்லா ஸ்போரும் ஒரே ஆழத்தில் உறங்குவதில்லை. ஊட்டத்தட்டில் போட்டாலும் சில முளைக்காமலே கிடக்கும். மிதமான சூடு, முளைப்பு ஏற்பிகளை (ஊட்டத்தை உணர்ந்து முளைப்பைத் தொடங்கும் புரதங்களை) இணங்க வைக்கிறது. அதனால் கணக்கு தொடங்கும் புள்ளியாக எடுக்க வேண்டியது சூடாக்காத மாதிரியை அல்ல; 75 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உடனே பனிக்கட்டியில் குளிர்வித்த மாதிரியை. இதை விட்டுவிட்டு அப்படியே ஆரம்பித்தால் பிழைப்பு விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டும். ஒருமுறை தூண்டியது அப்படியே நீடிக்கவும் நீடிக்காது. குளிரில் நாட்கணக்கில் வைத்திருந்தால் மறுபடி பழைய நிலைக்குப் போய்விடும். அன்றன்று செய்துகொள்ளுங்கள்.

கொதிநீரில் கடைசிவரை நிற்கும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் உயிரியல் காரணம் தேட வேண்டியதில்லை. குழாயின் கழுத்திலும் மூடியிலும் தெறித்த துளிகள் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் 100 டிகிரியை எட்டுவதே இல்லை. குழாயை முழுதாக அமிழ்த்துங்கள்; 100 மைக்ரோ லிட்டரை மெல்லிய சுவருள்ள சிறு குழாயில் அடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த சந்தேகம் கட்டிகள். சப்டிலிஸ் ஸ்போர் ஒன்றோடொன்று ஒட்டும். ஐந்தாறு சேர்ந்த கட்டியில் கடைசி ஒன்று சாகும்வரை தட்டில் ஒரு காலனி வந்துகொண்டேதான் இருக்கும். 0.01 சதவீத ட்வீன் 80 (ஒட்டாமல் பிரிக்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்து நன்றாகக் குலுக்கி, நுண்ணோக்கியில் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தயாரிப்பைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை, பாதிப் பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. வழக்கமான ஊடகம்: லிட்டருக்கு நியூட்ரியன்ட் பிராத் 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1 கிராம், ஏழு நீர் மூலக்கூறுள்ள மெக்னீசியம் சல்ஃபேட் 0.12 கிராம். ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பிறகு கிருமிநீக்கிய கரைசல்களாகக் கால்சியம் நைட்ரேட் 1 மில்லிமோலார், மாங்கனீஸ் குளோரைடு 10 மைக்ரோமோலார், ஃபெரஸ் சல்ஃபேட் 1 மைக்ரோமோலார். மாங்கனீஸை மறந்தால் ஸ்போர் உருவாவது அடியோடு படுத்துவிடும். குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்று வேண்டும். 37 டிகிரியில் குலுக்கியபடி 48 மணி நேரம்.

பிறகு குளிர்ந்த தண்ணீரில் கழுவல். சென்ட்ரிஃபியூஜில் படியும் வண்டலின் மேல் ஒரு மங்கலான, குழைவான அடுக்கு நிற்கும். செத்த செல்களும் சிதிலங்களும் அதுதான். பிப்பெட்டால் அதை மெல்லச் சீண்டி எடுத்துக் கொட்டிவிட்டு அடியில் உள்ள கெட்டியான வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் நூற்றுக்கு 95க்கு மேல் பளிச்சென்று மின்னும் வரை கழுவ வேண்டும். கறுத்துத் தெரிபவை முளைத்துவிட்டவை. அவை 80 டிகிரியைத் தாங்காது.

எந்த வெப்பநிலையில் வளர்த்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். சூடான இடத்தில் உருவான ஸ்போரின் மையத்தில் தண்ணீர் குறைவு, நீராவியை அதிகம் தாங்கும். 30 டிகிரியில் செய்த தொகுதியையும் 37 டிகிரியில் செய்த தொகுதியையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிட்டால் எதற்கும் பொருள் இருக்காது.

பதில் 3 (தொலைஊதா):

விண்வெளிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், வறட்சியைப் பொறுத்தவரை உண்டு. புற ஊதாக் கதிருக்கு வேறு ஏற்பாடு.

அந்தச் சிறிய, அமிலத்தில் கரையும் புரதங்கள் டி.என்.ஏவைப் போர்த்தும்போது அதன் வடிவமே மாறுகிறது. வளரும் செல்லில் புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏவில் அடுத்தடுத்துள்ள தைமின்கள் (அதன் நான்கு எழுத்துகளில் ஒன்று) வளைய இருமமாகப் பிணையும். ஸ்போரில் அதற்குப் பதிலாக வேறொரு வகைப் பிணைப்பு உண்டாகிறது. ஸ்போர் ஒளிவிளைபொருள் என்று பெயர். இதைக் கத்தரித்து இரண்டு தைமினாகத் திருப்பித் தரும் நொதியை ஸ்போர் முன்கூட்டியே உள்ளே வைத்திருக்கிறது. முளைக்கத் தொடங்கியதும் அது வேலையை ஆரம்பிக்கும், வெளிச்சமும் தேவையில்லை. இதனால் 254 நானோமீட்டர் விளக்கில் ஸ்போர் வளரும் செல்லைவிட 5 முதல் 50 மடங்கு வரை தாங்குகிறது. உறக்கத்தில் இருக்கும்வரை இந்த நொதி இயங்காது என்பதைக் கவனியுங்கள்: சேதம் சேர்ந்துகொண்டே போகும், கணக்குத் தீர்ப்பது முளைக்கும்போதுதான்.

1984 முதல் 1990 வரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பூமியைச் சுற்றிய நாசாவின் எல்.டி.இ.எஃப் கலத்தில் சப்டிலிஸ் ஸ்போர்கள் இருந்தன. சூரியனின் புற ஊதாக் கதிர் படாமல் மறைத்து, குளுக்கோஸ் சேர்த்து, பல அடுக்குகளாக உலர்த்தியவற்றில் 70 சதவீதம் வரை பிழைத்தன. கதிரை நேரடியாக வாங்கிய ஒற்றை அடுக்கு இப்படித் தப்புவதில்லை. பல அடுக்கில் மேலே உள்ளவை செத்து, கீழே உள்ளவற்றுக்கு நிழலாகிவிடுகின்றன.

விளக்கின் கீழ் சோதிக்கும்போதும் இந்த நிழல்தான் ஏமாற்றும். துளி உலரும்போது ஸ்போர்கள் விளிம்பில் போய்க் குவிந்து வட்டம் கட்டும்; அந்த வட்டத்துக்குள் இருப்பவை எந்தக் கதிருக்கும் அசையாது. அடர்த்தியைக் குறைத்து ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். அல்லது தண்ணீரில் ஆழமில்லாமல் விட்டுக் கலக்கிக்கொண்டே கதிர் காட்டுங்கள்.

அகார்தட்டு:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. அலுமினியத் துண்டில் துளியாக விட்டுத்தான் உலர்த்தியது, வட்டம் கண்ணுக்கே தெரிகிறது. இரண்டு கேள்விகள் மட்டும். ஓவன் சோதனையில் ஈரத்தை எப்படி நிலையாக வைப்பது? மேசையை 70 சதவீத எத்தனாலால் துடைத்தால் போதுமா?

பதில் 4 (கார்டெக்ஸ்):

எத்தனால் ஸ்போரைக் கொல்லாது. அதைவிட மோசம், ஆல்கஹால் புட்டியிலேயே ஸ்போர் உயிரோடு கிடந்து அடுத்த மேசைக்குப் போகும். ப்ளீச் பயன்படுத்துங்கள், ஆனால் பி.எச் சரிசெய்து. ப்ளீச் காரமானது, அந்த நிலையில் ஸ்போர் மேல் மந்தமாகத்தான் வேலை செய்யும். எட்டுப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ப்ளீச்சை விட்டுக் கலக்கி, அதன் பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகர். ப்ளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமான இடத்தில், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும். அழுக்கை முதலில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் குளோரினை அதுவே தின்றுவிடும். பரப்பு ஒரு மணி நேரம் ஈரமாகவே இருக்கட்டும். காய்ந்தால் மறுபடி தெளியுங்கள்.

ஈரத்துக்கு: மெக்னீசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசலை டெசிகேட்டரின் (இறுக மூடும் கண்ணாடிக் கலம்) அடியில் வைத்தால் 25 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 33 சதவீதத்தில் நிற்கும், லித்தியம் குளோரைடு என்றால் 11. துண்டுகளை அதில் சமநிலைக்கு வரும்வரை வைத்து, அங்கேயே சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துவிட்டு, ஓவனுக்குப் பதில் எண்ணெய்த் தொட்டியில் மூழ்கவிடுங்கள். முழுக்க உலர்ந்த ஸ்போர்தான் வெப்பத்தை அதிகம் தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீர்ச்செயல்பாடு (ஒப்பு ஈரப்பதத்தை நூறால் வகுத்த எண்) 0.2 முதல் 0.4 வரை இருக்கும்போதுதான் தாங்குதிறன் உச்சம். திறந்த ஓவனில் ஈரம் நழுவிக்கொண்டே இருப்பதால் இந்த உச்சம் உங்கள் வரைபடத்தில் தெரியாது.