மைனஸ் 20லயும் திராட்சைப் பூச்சி எப்பிடித் தப்புது?

கேள்வி: கனடாவில, ஸ்காபரோவில எங்கட பின்வளவில ஒரு திராட்சைக் கொடி நிக்குது, போன வருசம் காயெல்லாம் புழு துளைச்சு வலை கட்டி விழுந்திட்டுது, மனமே விட்டுப்போச்சு. இவ்வளவு ஸ்னோவுக்க அதுகள் செத்துப்போகாதே?

பதில் 1: சாகாது அண்ணை. அது திராட்சைக்காய் அந்துப்பூச்சி. புழு இலையில அரைவட்டமா வெட்டி, அந்தத் துண்டை மடிச்சு ஒட்டி உள்ளுக்க கூட்டுப்புழுவாக் கிடக்கும், இலை நிலத்தில விழுந்தாலும் மேல ஸ்னோ போர்வை மாதிரி மூடுறதால குளிர் பெரிசாப் படாது. சருகை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, மடிப்புத் தெரியும். சருகைக் கூட்டி அள்ளினா அதுகளும் அதோட போயிடும்.

பதில் 2: இலைச்சாறு உறிஞ்சிற தத்துப்பூச்சியும் சருகுக்கதான், வளர்ந்த பூச்சியாவே ஒளிச்சிருக்கும். மாவுப்பூச்சி பழைய பட்டைக்குக் கீழ. ஜப்பான் வண்டின்ர புழு புல்தரைக்குக் கீழ ஆழமாப் போயிடும், அதைக் கூட்டி அள்ள ஏலாது.

கேட்டவர்: ஐயோ, நான் சருகைக் கொடி அடியிலயே குவிச்சு விட்டனான்! ஸ்னோ கரைஞ்ச உடன அள்ளுறன்.

பதில் 1: மே கடைசிக்கு முன்னம் அள்ளுங்கோ, பிறகு அந்து பறக்கத் தொடங்கிடும்.