கடன் என் பேரில், கையெழுத்து ஏன் அவருடையது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். கருவிகள் வாங்க, அடமானம் எதுவும் இல்லாமல், என் பேரில் மட்டும் கடன் கேட்டிருந்தேன். வருமானம், கிரெடிட் ஸ்கோர் எல்லாம் போதும் என்றார்கள். கடைசியில் வந்த கடன் நோட்டில், அதாவது கடனைத் திருப்பித் தருவேன் என்று எழுதித் தரும் பத்திரத்தில், என் கணவர் கையெழுத்துக்கும் ஒரு கோடு! கேட்டால், "சொத்து விவரத்தில் ரெண்டு பேர் பேரும் இருக்கே" என்றார் அதிகாரி.

கணவர் போட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளைக்கு கிளினிக் நொடித்தால் அவர் சம்பளத்திலும் கை வைப்பார்களே. கணவர் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் கிடையாது என்றிருந்த நிலையை மாற்றத்தான் 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த ரெகுலேஷன் பி என்ற விதி தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் தன் தகுதியிலேயே தேறிவிட்டால் துணையின் கையெழுத்தைக் கேட்கக் கூடாது. சொத்து விவரத்தைச் சேர்ந்து கொடுத்ததால் மட்டும் அது கூட்டு விண்ணப்பம் ஆகாது. தகுதி போதாவிட்டால் இன்னொருவரைக் கேட்கலாம், ஆனால் அவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. இதை எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்தக் கோடு இல்லாத நோட்டு வந்தது.

பதில்:

அக்கா, நான் கடன் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். பல மாநிலங்களில் கடன் தரும் நிறுவனம், பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இதே தவறு எங்களிடமும் நடந்தது. டெக்சாஸுக்குச் செய்த படிவத்தை எல்லா மாநிலத்துக்கும் ஓட்டிவிட்டார்கள். அங்கே குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்க, வீடு ஒருவர் பேரில் இருந்தாலும் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதுவும் அடமானப் பத்திரத்தில்தான், நோட்டில் இல்லை. ஒஹாயோவிலும் துணைக்கு டவர் உரிமை (dower: வீடு ஒருவர் பேரில் இருந்தாலும் துணைக்குச் சட்டம் தரும் பங்கு) இருப்பதால் வீட்டு அடமானத்தில் கையெழுத்து கேட்பார்கள். உங்கள் கடனில் வீடே இல்லையே!

கலிபோர்னியா, டெக்சாஸ் உட்பட 9 மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது பெரும்பாலும் இருவருக்கும் பொது. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட முடியாது. போதுமான பொதுச் சொத்தைக் கையாள மாநிலச் சட்டம் கடன் கேட்பவருக்கு அதிகாரம் தராமல், அவருடைய தனிச் சொத்தும் போதாமல் இருந்தால்தான் கேட்கலாம்.

இப்போது "சேர்ந்து கடன் கேட்கிறோம்" என்று இருவரும் விண்ணப்பத்திலேயே ஒப்பமிட்டால்தான் எங்கள் நோட்டில் இரண்டாவது கோடு அச்சாகும். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.