புதுப்பிப்பு: தமிழ், சௌராஷ்டிர நூலுக்கான எடிட்டர் – ஈமாக்ஸ் கைகொடுத்தது

மதுரை விளக்குத்தூண் பக்கத்து அச்சகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ். இரண்டிலும் ஓடும் எடிட்டர் (எழுத்தைத் தட்டித் திருத்தும் மென்பொருள்) எது, நூலின் கோப்புகளில் ‘கொடை’ என்று தேடினால் பாதி ஏன் சிக்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டிலும் ஓடும் ஈமாக்ஸ் எடிட்டரைச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. 27ஆம் பதிப்பிலிருந்து அதில் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இருப்பதால் தமிழ் உடையாமல் தெரிகிறது. தேடல் தவறியதற்குக் காரணம், சில கோப்புகளில் ‘கொ’வின் குறி ஒரே யூனிகோடு எழுத்தாகவும், மற்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருந்ததுதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முழுவதையும் தேர்ந்தெடுத்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன்’ கட்டளை கொடுத்தேன், சரியானது.

சௌராஷ்டிர எழுத்து முதலில் தெரியாமல் வெறும் கட்டங்களாகத்தான் வந்தது. 2008லேயே யூனிகோடில் சேர்ந்த எழுத்து அது; நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா எழுத்துரு போட்டதும் தெரிந்தது.

எதிர்பாராதது ஒன்று. ‘சௌராஷ்டிரா’வையே பல இடங்களில் செ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தார்கள். அந்தக் கட்டளை இதைத் தொடாது, ஏனென்றால் ள தனி எழுத்து. கொம்புக்குப் பின் ள வரும் எல்லா இடத்தையும் ஒரேயடியாக மாற்றவும் கூடாது, ‘வெள்ளி’ கெட்டுவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தினேன்.