ஆறு டம்ளர் இரண்டாகக் குறைந்தது

எங்கள் வீடு கும்பகோணத்தில். ராத்திரியே பித்தளை ஃபில்டரில் காபிப் பொடியை அழுத்தி, வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் படுப்போம். காலை ஐந்தரைக்கு முதல் டிகாக்ஷனில் ஒன்று, சமையல் முடிந்ததும் ஒன்று, அலுவலகத்தில் இரண்டு, நான்கு மணிக்கு வீடு திரும்பியதும் மாமியாரோடு திண்ணையில் ஒன்று, ஏழரைக்குக் கணவர் வந்ததும் ஒன்று. ஒருநாள் எண்ணிப் பார்த்தபோதுதான் ஆறு என்று தெரிந்தது.

தூக்கம் போனதால்தான் எண்ணவே ஆரம்பித்தேன். ஒரு மணி, ஒன்றரை வரை புரண்டுகொண்டே இருப்பேன். மருத்துவரிடம் போனால், மாத்திரை எழுதுவதற்கு முன் அவர் கேட்டது கடைசிக் காபி எத்தனை மணிக்கு என்றுதான். காபியில் நம்மை விழிக்க வைக்கும் பொருள் காஃபின்; உள்ளே போனதில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். ஏழரைக்குக் குடித்தால் பன்னிரண்டரைக்கும் பாதி உடம்பிலேயே நிற்கும். களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். களைப்பு எங்கும் போவதில்லை என்றார். அது எனக்கு நன்றாகப் பதிந்தது.

உடனே ஒரு திங்கட்கிழமை மொத்தமாக நிறுத்தினேன். அது தப்பு. சாயங்காலமே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை குமட்டலும் சேர்ந்துகொண்டது. நோட்டுக்கு அட்டை போட்டுத் தரச் சொல்லி வந்த மகளிடம் கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்த் தானே கோணலாகப் போட்டுக்கொண்டாள். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது. தலைவலி மாத்திரை போட்டதும் சட்டென்று விட்டது; மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தால் அதிலும் காஃபின். வெள்ளிக்கிழமை பழையபடி ஆறு டம்ளர்.

அப்புறம் மெதுவாகப் போனேன். முதல் வாரம் ராத்திரிக் காபியை மட்டும் விட்டேன். அதற்கு அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒன்று. எல்லாருமே சிக்கரியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் சிக்கரியில் காஃபின் கிடையாது. அது கூடினால் அதே ஒரு ஸ்பூன் பொடியில் காஃபின் குறையும். அதனால் கொஞ்ச நாள் சிக்கரி தூக்கலான பொடி வாங்கினேன், இரண்டாம் டிகாக்ஷனில் கலந்தேன். ருசி இறங்கியது உண்மைதான். ஆனால் தலைவலி வரவில்லை.

திண்ணைக் காபியை மட்டும் விட மனசு வரவில்லை. அத்தைக்கு வயது 74. அன்றைய நாளில் அவர் என்னிடம் வாய்விட்டுப் பேசுவது அந்த அரைமணி நேரம்தான். இப்போது காலையில் ஒன்று, திண்ணையில் ஒன்று. திண்ணையில் எனக்கு மட்டும் பாதி டம்ளர். பதினோரு மணிக்கெல்லாம் கண் சொக்குகிறது.

*

அக்கா, மேலே நீங்கள் எழுதிய அந்த இரண்டாம் நாள் தலைவலியை நானும் பட்டிருக்கிறேன். எனக்குத் தூத்துக்குடி பக்கம். மில்லில் நைட் ஷிஃப்ட். கடைக் காபி ஒரு ஷிஃப்டுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வயிறு எரிந்தபோதுதான் விழித்தேன். அம்மா சுக்கு, மல்லி, மிளகு இடித்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் தந்தார்கள். கை ஒரு சூடான டம்ளரைத் தேடுகிறது, அதைக் கொடுத்துவிட்டால் பாதிப் போராட்டம் முடிந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில வீடுகளில் சுக்குக் காபியிலும் ஒரு ஸ்பூன் காபித்தூள் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் சேர்த்திருந்தார்கள், ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரே ஒரு கடைக் காபி.

*

நான் கோயம்புத்தூர், ஐந்தாம் மாதம். கர்ப்ப காலத்தில் காஃபின் உடம்பிலிருந்து கழிய இன்னும் அதிக நேரம் எடுக்கும், ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள் என்றார் டாக்டர். அதை உடனே கேட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கு ரத்தம் ஏறவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையை எப்போது போடுகிறாய் என்று கேட்டார். காலைக் காபியோடு என்றேன். காபியில் இருக்கும் பாலிஃபீனால் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். இதை யாருமே எனக்குச் சொல்லியிருக்கவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது காபி காலை ஆறரைக்கு ஒரு டம்ளர், அதோடு சரி. மாத்திரை பதினோரு மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு. அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் வியாழக்கிழமை.