மொழியால் மாட்டிக்கொண்ட கதைகள், உங்களுடையதையும் எழுதுங்கள்

அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர் லக்னோக்காரர். மதியம் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் பிரியாணிக்கு உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில், "நீங்கள் இந்தியர்தானே, ஹிந்தி எப்படி வராமல் போகும், தேசிய மொழியாயிற்றே?" என்றார், ஆங்கிலத்தில்தான். இந்தக் கேள்வி எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டு நாளாயிற்று. தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் இங்கேதான் என்றேன். அப்புறம், இந்தியாவுக்கே தேசிய மொழி என்று ஒன்று கிடையாது, அரசியலமைப்பின் 343வது பிரிவு ஹிந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது, எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன என்றேன். நம்பவில்லை. அவர் பர்ஸிலேயே நூறு ரூபாய் நோட்டு இருந்தது. திருப்பிப் பாருங்கள் என்றேன். ஹிந்தியும் ஆங்கிலமும் போக, கட்டத்துக்குள் 15 மொழிகள். நம் "நூறு ரூபாய்" எந்த வரி என்று விரலால் காட்டினேன். "இத்தனை வருடம் இதைப் படித்ததே இல்லை" என்று சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

மாட்டியது அடுத்த கேள்வியில். "சரி, உங்கள் தேசிய மொழி எது?" மலாய். "பேசுவீர்களா?" தேசிய கீதம் முழுசாக வரும், தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) கேட்டுக் கேட்டு "செடியா", "செனாங் டிரி" என்ற அணிவகுப்புக் கட்டளைகள் வரும், காப்பிக் கடையில் "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வரும். அவ்வளவுதான். ஒரு வெள்ளி (டாலர்) காசை எடுத்து, அரசுச் சின்னத்தைச் சுற்றித் தமிழிலும் "சிங்கப்பூர்" என்று இருப்பதைக் காட்டிச் சமாளித்தேன்.

அந்தப் பெருமை வீடு வரை தாங்கவில்லை. அவர் மகள் வார இறுதியில் ஹிந்தி வகுப்புக்குப் போகிறாள் (ஹிந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஐந்தையும் இங்கே தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம்), வீட்டிலும் ஹிந்திதான். என் மகனுக்குத் தமிழ் பள்ளியிலேயே இருக்கிறது, போதாததற்கு அது நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, "சாப்பிட்டியாடா" என்றால் "வெயிட்லா பா" என்கிறான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 சதவீதம். என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

*

அண்ணே, என் கதை எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் கல் மேசையில். சாயங்காலமானால் அம்மாவும் பக்கத்து வீட்டு, ஹொக்கியன் பேசும் சீனப் பாட்டியும் அங்கேதான் இருப்பார்கள். இருவருக்கும் நடுவில் அந்தக் காலத்து பாசார் மலாய் (சந்தை மலாய்), இலக்கணமெல்லாம் பார்க்காதீர்கள், ஆனால் மீன் விலை, முட்டிவலி, மருமகள் எல்லாம் அதில் ஓடும். போன மாதம் பாட்டியின் பேரன் வந்திருந்தான். சீனர்கள் ஹொக்கியன் போன்றவற்றை விட்டு மாண்டரின் பேசச் சொல்லும் இயக்கம் 1979இல் வந்த பிறகு வளர்ந்த வீட்டுப் பிள்ளை, ஹொக்கியன் சுத்தமாக வராது. கிளம்பும்போது பாட்டி ஏதோ சொல்ல, அவன் விழித்தான். பாட்டி அதை அம்மாவிடம் மலாயில் சொல்லி, அம்மா என்னிடம் தமிழில் சொல்லி, நான் அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்.